ஊசி இல்லாத பாட்டில்

எங்கள் சந்தில் பட்டப்பகலில் ஒரு பெண்பிள்ளை காலை நீட்டிப் படுக்க வேண்டுமானால் அவளுக்குக் குளுக்கோஸ் பாட்டில் ஏற்ற வேண்டும். வேறு வழியே கிடையாது. வீட்டில் படுத்தால் மாமியார் முறைப்பாள், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து விசாரிப்பாள், குழாயில் தண்ணீர் வந்துவிடும், பிள்ளை எழுந்துவிடும். கையில் ஊசி ஏறித் தலைக்கு மேல் பாட்டில் தொங்கிவிட்டால் ஒரு ஜீவனும் அவளைக் கூப்பிடாது. முக்கால் மணி நேரம் அவள் மகாராணி. தாராவியில் முப்பது வருஷமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். சத்துக் குறைவு என்று பாட்டில் ஏற்றிக்கொண்ட பெண்களில் பாதிப் பேருக்கு உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது. எனக்குத் தெரியாதா? விற்றவனே நான்தான்.

ஏற்றியவள் லூசியம்மாள். என் கடையை ஒட்டிய கிளினிக்கில் இருபத்தொன்பது வருஷமாக இருக்கிறாள். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் தனசீலன் டிராம்பேயில் காண்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்து, மாரடைப்பில் போய்விட்டான். இப்போது கோவண்டியில் ஒரு அறையில் தனியாக இருக்கிறாள், காலை பஸ்ஸில் வந்து ராத்திரி பஸ்ஸில் போகிறாள். படித்தது எட்டாம் வகுப்பு. கிளினிக்கில் தரை துடைக்க வந்தவளுக்குப் பழைய டாக்டர் நாடி பார்க்கவும் ஊசி போடவும் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான். ஆனால் சந்துக்கே அவள் 'சிஸ்டர்'. நானோ பார்மஸி டிப்ளமோ சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், என்னை எல்லாரும் 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுகிறார்கள், மளிகைக் கடைக்காரன் மாதிரி. இந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

நரம்பு தேடும்போது லூசியம்மாள் அந்த நரம்போடு பேசுவாள். மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "வாட்டி வெளிய, எங்க போய் ஒளிஞ்சிருக்க?" என்பாள். ஒரே குத்துதான், வலிக்காது. வாய் மட்டும் பொல்லாத வாய். எனக்குப் பிரஷர் உண்டு, ஒரு நாளைக்கு ஐந்து தடவை மிஷினில் பார்ப்பேன். "அண்ணாச்சி, அந்த மிஷினக் கண்டாலே ஒங்களுக்குப் பிரஷர் ஏறுது. தூக்கிக் குப்பையில போடுங்க" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே மானத்தை வாங்குவாள்.

பழைய டாக்டர் காலமான பிறகு கிளினிக்கை எடுத்தவர் டாக்டர் சாயிரா. செம்பூரிலிருந்து வருகிறார். சின்ன வயசு, நல்ல மனசு, தமிழ் அரைகுறை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு ஆசை வந்தது. மனசு சம்பந்தப்பட்ட நோய்களை எங்களைப் போன்ற தெருக் கிளினிக்கிலேயே கண்டுபிடித்து வைத்தியம் பார்ப்பது எப்படி என்று செம்பூரில் சனிக்கிழமைதோறும் வகுப்பு. டாக்டரும் போனார், லூசியம்மாளையும் இழுத்துக்கொண்டு போனார்.

"மனசுக்கு வகுப்பாம் வகுப்பு. எங்க ஜெபக்கூட்டத்துல சொல்லாததையா இவிய சொல்லப் போறாவ?" என்று புலம்பிக்கொண்டே போனவள், மூன்றாவது வாரம் வாயைத் திறக்காமல் வந்தாள். என் கடை முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அண்ணாச்சி, நெஞ்சு படபடங்கு, கைகாலு உளையுது, ஒறக்கம் இல்லன்னு வாராளுவள்ளா? அவளுவள்ல பாதிப் பேருக்கு மனசுதான் சரியில்லையாம். நான் எல்லாத்துக்கும் பாட்டில ஏத்தி அனுப்பியிருக்கேன்" என்றாள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. பிரஷர் மிஷினை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டேன்.

வகுப்பு முடிந்து வந்த டாக்டர், வேண்டாத பாட்டில்களை ஒரேயடியாக நிறுத்தினார். வாசலில் 'மனநல ஆலோசனை, செவ்வாய் மூன்று முதல் ஐந்து' என்று தமிழிலும் இந்தியிலும் பலகை வைத்தார். நான்கு செவ்வாய்க்கிழமை அதன் கீழே போட்ட பெஞ்சு காலியாகவே கிடந்தது. ஒருத்தன் வந்து உட்கார்ந்தான், டாக்டர் ஓடிவந்தார், செல்போன் சார்ஜ் போட இடம் கேட்டான். யார் உட்காருவார்கள்? அந்தப் பலகைக்குக் கீழே ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் ஆறாவது நிமிஷம் "இன்னார் மருமகளுக்குப் பைத்தியம்" என்று கடைசி வீடு வரை போய்விடும். பாட்டில் கேட்டு வந்தவர்களெல்லாம் இரண்டு சந்து தள்ளி வேறொரு இடத்துக்குப் போகத் தொடங்கினார்கள்.

லூசியம்மாள்தான் வழி கண்டுபிடித்தாள். "உக்கார வச்சுக் கேட்டா பேச மாட்டாளுவ டாக்டர். படுக்க வச்சுக் கேட்டாப் பேசுவாளுவ." உள்ளே திரைக்குப் பின்னால், நோயாளி படுக்கிற பெஞ்சுக்கு மேலே, பழைய பாட்டிலை ஆணியில் மாட்டினாள். குழாயின் திருகை இறுக்கி மூடினாள். நுனியில் ஊசி கிடையாது. அதைப் புறங்கையில் வைத்து மேலே பிளாஸ்திரி ஒட்டினாள். திரையை விலக்கி எட்டிப் பார்க்கிறவளுக்குப் பாட்டில் தெரியும், குழாய் தெரியும், பிளாஸ்திரி தெரியும். அரை மணி நேரம் யாரும் உள்ளே வரமாட்டார்கள். படுத்திருப்பவள் பக்கத்தில் லூசியம்மாள் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வகுப்பில் கொடுத்த ஒன்பது கேள்விகளையும் மெல்ல மெல்லக் கேட்பாள். ஒறக்கம் வருதா, சோறு இறங்குதா, எதுலயாவது மனசு ஒட்டுதா.

டாக்டர் முதலில் கொதித்தார். "இது தோக்கா, சிஸ்டர். ஏமாத்து வேலை" என்றார். ஒரு வாரம் யோசித்துவிட்டு மூன்று நிபந்தனைகள் போட்டார். படுப்பவளுக்கு ஊசி இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். பாட்டிலுக்குக் காசு வாங்கக் கூடாது. ஒன்பதாவது கேள்வி உயிரைப் பற்றியது. உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்ற அந்தக் கேள்விக்கு ஒருத்தி ஆமாம் என்றால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், வீட்டிலும் ஒருவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். லூசியம்மாள் மூன்றுக்கும் தலையாட்டினாள்.

கிளினிக்குக்கும் என் கடைக்கும் நடுவில் சுவர் கிடையாது, பிளைவுட் தட்டிதான். அந்தப் பக்கம் மூச்சு விட்டால் எனக்குக் கேட்கும். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. யாராவது பேசத் தொடங்கினால் லூசியம்மாள் தட்டியில் இரண்டு தட்டுத் தட்டுவாள், நான் எஃப்.எம். பெட்டியைச் சத்தமாக வைத்துவிடுவேன். அடுத்தவள் கண்ணீரைக் கேட்டுக்கொண்டு இருமல் மருந்து விற்க என்னால் முடியாது.

ஜூன் கடைசியில் பானுமதியைக் கூட்டிக்கொண்டு முருகம்மாள் வந்தாள். முருகம்மாள் மூன்றாவது வீட்டு மாடி. மாவு அரைத்து விற்கிறவள். அவள் குரல் எழும்பினால் நாய்கூட ஒதுங்கிப் போகும். பானுமதி அவள் மருமகள், கோவண்டியில் பிறந்து வளர்ந்த பெண், இந்தியும் தமிழும் கலந்து சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டிருந்தவள். முதல் பிள்ளை பெற்று இரண்டு மாதம். புருஷன் பேச்சிராஜா தோல் பை செய்யும் பட்டறையில் வேலை. ஆர்டர் நெருக்கினால் ராத்திரியும் அங்கேயே படுத்துவிடுவான்.

அன்றைக்கு அந்தப் பெண் இருந்த கோலமே வேறு. தலை வாரவில்லை. பிள்ளை முருகம்மாள் மடியில் அழுகிறது, இவள் பார்வை எங்கள் கடையின் ஷட்டரில் நிற்கிறது. "பச்ச ஒடம்புக்காரி, ஒரு வாய் திங்கமாட்டேங்கா. ஒரு பாட்டில் போட்டு விடு லூசி" என்றாள் முருகம்மாள். பாட்டில் தொங்கியது. முருகம்மாள் பிள்ளையோடு என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள். உள்ளே பானுமதி பேசவே இல்லை, தூங்கினாள். இரண்டாவது தடவையும் தூங்கினாள்.

மூன்றாவது தடவை, ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தட்டியில் இரண்டு தட்டு விழுந்தது. நான் எஃப்.எம். பெட்டியைத் திருகினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது, பெட்டி நின்றது. தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பெண்ணின் குரல், தண்ணீர்க் கணக்குச் சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக வந்தது.

"நான் இல்லாட்டி இந்தப் புள்ள நல்லா வளரும் சிஸ்டர். டெய்லி அதேதான் தோணுது. காலையில கண்ணு முழிச்சா அதுதான் ஃபர்ஸ்ட்."

கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே போட்டுவிட்டேன். ஸ்டூலில் முருகம்மாள் பிள்ளையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டதா என்று முகத்தைப் பார்த்தேன். மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மறுபடியும் குரல்: "எங்க அத்தைக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா என்னக் கோவண்டிக்கு அனுப்பிட்டுப் புள்ளைய வாங்கிக்குவாங்க. சத்தியம் பண்ணுங்க சிஸ்டர்." அதற்கு லூசியம்மாள் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றுதான் இரண்டு நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். "சரிட்டி, சொல்லல" என்றாள். நன்றாகவே கேட்டது.

டாக்டரிடம் உடனே சொன்னாள், அதில் குறையில்லை. டாக்டர் பானுமதியிடம் நெடுநேரம் பேசினார், பெரிய ஆஸ்பத்திரி மனநல டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, பால் கொடுக்கிறவளுக்கு ஆகிற மாத்திரை எழுதினார். வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார். பிறகு முருகம்மாளை உள்ளே கூப்பிட்டார். மாத்திரையோடு நானும் திரைக்குப் பக்கத்தில் நின்றேன்.

டாக்டர் லூசியம்மாளைப் பார்த்து இந்தியில் சொன்னார். "இவருக்குத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். மருமகளுக்கு உயிரோடு இருக்கவே மனசில்லை. இது நோய்தான், குணமாகிவிடும். ஆனால் ஏக் மினிட் பீ அகேலா நஹி. ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது."

லூசியம்மாள் முருகம்மாள் பக்கம் திரும்பி, டாக்டருக்குப் பிடிபடாத ஊர்த் தமிழில் படபடவென்று சொன்னாள். "யக்கா, புள்ளைக்கு ரத்தம் ரொம்பக் கம்மியாம். தல சுத்தி எங்கயாவது விழுந்துருவா. ஒரு நிமிசங்கூடத் தனியா விடாதிய. இந்த மாத்திரையையும் நீங்களே எடுத்துக் குடுங்க."

எனக்கு இந்தி தெரியும், தமிழும் தெரியும். அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நின்றுகொண்டு, மாத்திரையை நீட்டிவிட்டு, வாயை மூடிக்கொண்டு கடைக்கு வந்தேன். டாக்டர், "சமஜ் கயி?", புரிந்ததா என்று கேட்டது காதில் விழுந்தது. முருகம்மாள் தலையாட்டினாளாம். டாக்டர் அட்டையில் 'வீட்டில் சொல்லியாயிற்று' என்று எழுதினார்.

அன்றைக்குச் சாயங்காலம் லூசியம்மாளைப் பிடித்துக்கொண்டேன். "என்ன சிஸ்டர், டாக்டர் சொன்னது ஒண்ணு, நீங்க சொன்னது ஒண்ணு?"

"தனியா விடாதன்னு சொன்னேனா இல்லையா? காரணம் எதுவா இருந்தா என்ன? வேல நடந்தாப் போதும்."

"விஷயம் தெரியாம அந்தம்மா எப்படிக் காவல் இருக்கும்?"

"சும்மா கெடங்க அண்ணாச்சி. முருகம்மாக்கா வாய் ஒங்களுக்குத் தெரியாதா? சந்து பூரா வெளம்பரம் பண்ணிருவாவ. ரெண்டே நாளு. வியாழக்கெழம இவ வாரா, நானே பேசிப் பக்குவமாச் சொல்ல வைக்கேன்." சொல்லிக்கொண்டே என் மிஷினை இழுத்துத் தன் கையில் கட்டினாள். இருபத்தொன்பது வருஷத்தில் அவள் தன் பிரஷரைப் பார்த்து நான் கண்டதில்லை. நூற்று அறுபது காட்டியது. கழற்றி வைத்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை முழுக்க முருகம்மாள் வீட்டு மாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொடியில் பிள்ளையின் துணி காய்ந்தால் நிம்மதி. துணியை எடுக்கப் பானுமதி கை நீண்டால் பெரிய நிம்மதி. சாயங்காலம் மழை வந்தது, துணி நனைந்தது, நெடுநேரம் யாரும் எடுக்கவில்லை. எனக்கு உயிரே இல்லை. கடைசியில் முருகம்மாள் கை வந்து எடுத்தது.

வியாழக்கிழமை. பதினொரு மணி. லூசியம்மாள் பாட்டிலை மாட்டிவிட்டு வாசலில் வந்து நின்றாள். மழை கொட்டுகிறது. பதினொன்றேகால். "மழையில்லா, நனைஞ்சிட்டு வருவா" என்றாள், நான் கேட்காமலேயே. பதினொன்றரை. முருகம்மாள் போனுக்கு அடித்தாள், மணி போகிறது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். முதலில் லூசியம்மாளோடு பேச்சு, பிறகுதான் டாக்டர் என்று ஏற்பாடு; டாக்டர் வருவது பன்னிரண்டு மணிக்கு. நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

"எங்க கெளம்பிட்டிய?"

"நீங்க எங்க போறீங்களோ அங்கதான்" என்றேன்.

மூன்றாவது வீடு. இரும்பு ஏணி வழுக்கியது. மேலே கதவில் பூட்டு. லூசியம்மாள் மறுபடியும் போன் அடித்தாள். பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து மணி அடித்தது. நாங்கள் இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது அடித்து அடித்து ஓய்ந்தது. கீழ்வீட்டிலிருந்து பேகம் எட்டிப் பார்த்தாள்.

"பூட்டு என்னோடது அண்ணாச்சி. காலையில தண்ணி வர்ற நேரம், மேல கதவு தொறந்து கெடந்துச்சு. குரல் குடுத்தேன், யாரும் இல்ல. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு கெடக்கு. நான்தான் அடுப்ப அணைச்சுட்டுப் பூட்டினேன்."

"புள்ள?" என்றாள் லூசியம்மாள்.

"புள்ளயும் இல்ல. மாமியாரும் இல்ல."

ஏணி முடிகிற இடத்தில் இரண்டு ஜோடி செருப்புக் கிடந்தது. ஒன்று முருகம்மாளுடைய ரப்பர் செருப்பு. இன்னொன்று பூப் போட்டது, பானுமதியுடையது. இரண்டும் மழையில் நனைந்துகொண்டிருந்தன. செருப்புகூடப் போடாமல் பச்சைப் பிள்ளையோடு இந்த மழையில் எங்கே போவார்கள்? லூசியம்மாள் குனிந்து அந்தப் பூச்செருப்பை எடுத்தாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது, கையில் வைத்துக்கொண்டே ஏணியில் இறங்கினாள்.

பேச்சிராஜாவின் பட்டறைக்கு ஓடினோம். ஓடினோம் என்று எழுதுகிறேன், எனக்கு ஐம்பத்தெட்டு வயசு, அவளுக்கு ஐம்பத்திரண்டு. கணுக்கால் தண்ணீரில் விறுவிறுவென்று நடந்தோம். தோல் வாசனையும் பசை வாசனையுமாக நான்கு பேர் பை தைத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சிராஜா இல்லை. "யாரோ தெரியாத நம்பர்லேர்ந்து போன் வந்துச்சு சிஸ்டர். கையில இருந்தத அப்படியே போட்டுட்டு ஓடினான். என்ன ஏதுன்னு சொல்லல" என்றான் ஒருத்தன்.

தெரியாத நம்பர். போலீஸா, ஆஸ்பத்திரியா? லூசியம்மாள் பட்டறைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மடியில் அந்தச் செருப்பு.

"நான்தான் கொன்னேன் அண்ணாச்சி."

"சீ, வாயக் கழுவுங்க."

"ரத்தம் கம்மின்னு சொன்னேம்லா? ரத்தம் கம்மியானவள விட்டுட்டு தண்ணி புடிக்கப் போவாம என்ன செய்வாவ? தல சுத்துனாப் பாயில படுத்துருப்பான்னுதான நெனப்பாவ? ஏசப்பா, என் நாக்குல புழு விழ." நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். லூசியம்மாள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தனசீலன் செத்தபோதுகூட மறுநாளைக்கு மறுநாள் வந்து ஊசி போட்டவள். எனக்கும் அழுகை முட்டியது. நானும்தானே நின்றேன், இரண்டு பாஷையும் தெரிந்த நான்?

போனை எடுத்து டாக்டருக்கு அடித்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இந்தியில், ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நான் நீங்கள் சொன்னதைச் சொல்லவில்லை, ரத்தம் கம்மி என்று பொய் சொன்னேன், பெண்ணைக் காணோம். பிறகு டாக்டர், "கிளினிக்குக்குப் போங்க சிஸ்டர். நான் டாக்ஸியில இருக்கேன், பத்து நிமிஷம். போலீஸுக்கு நானே போன் பண்றேன்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

திரும்பி வந்தோம். வரும் வழியெல்லாம் எதிரே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன், யாராவது எங்களுக்குச் சேதி சொல்ல வருகிறார்களா என்று.

பாதி இறக்கிய என் ஷட்டருக்குக் கீழே மூன்று பேர் ஒடுங்கி நின்றிருந்தார்கள். பேச்சிராஜா. அவன் தோளில் சாய்ந்து பானுமதி, வெறுங்காலோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. முருகம்மாள், முந்தானைக்குள் பிள்ளை. பிள்ளை மட்டும் நனையவில்லை, தூங்கிக்கொண்டிருந்தது.

லூசியம்மாள் கையிலிருந்த செருப்பை அந்தப் பெண்ணின் காலடியில் வைத்துவிட்டு, அவள் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பானுமதி குளிரில் வெடவெடவென்று நடுங்கினாள்.

உள்ளே கூட்டிப் போய்ப் பெஞ்சில் படுக்க வைத்தோம். துண்டால் துடைத்துப் போர்வை போர்த்திவிட்டாள் லூசியம்மாள். நான் டாக்டருக்குப் போன் போட்டு ஆள் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். பேச்சிராஜா டீ வாங்க ஓடினான். முருகம்மாள் பெஞ்சின் கால்மாட்டில் நின்றாள்.

"காலையில தண்ணி புடிச்சிட்டு ஏணி ஏறுதேன், கதவு தொறந்து கெடக்கு. பாயில புள்ள மட்டும் கெடக்கு. எட்டிப் பாத்தா, தெருக் கடைசியில வெறுங்காலோட போறா. புள்ளையத் தூக்கிட்டு நானும் எறங்கிட்டேன். கூப்புடல. கூப்புட்டா ஓடிருவாளோன்னு பயம். பின்னாலயே போனேன். மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புல போய் நின்னா. நானும் பக்கத்துல போய் நின்னேன். எங்கட்டி போறன்னு கேட்டேன். தெரியல அத்தைன்னா. சரி, நானும் வாரேன்னேன். ரெண்டு பேரும் உக்காந்துட்டோம். பஸ்ஸு வருது, போவுது. மூணு மணி நேரம். அப்புறந்தான் பக்கத்துல டீ விக்கவன்ட்ட போன் வாங்கி எம் மவனக் கூப்புட்டேன்."

"யக்கா, நான் ஒங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். ரத்தம் கம்மியில்ல..."

"தெரியும்."

லூசியம்மாள் நிமிர்ந்தாள்.

"முப்பது வருசமா இந்த ஊர்ல மீன் வாங்குதேன், காய் வாங்குதேன். எனக்கு இந்தி பேசத்தான் வராது, காது இல்லையாக்கும்? டாக்டரம்மா சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நீ மாத்திச் சொன்னதுங் கேட்டுச்சு. அதுக்கும் முந்தியே தெரியும். இவளுக்கு மொத நாளு நான்லா தல குளுப்பாட்டினேன்? பிளாஸ்திரிய உரிச்சேன், அடியில ஊசித் தழும்பு இல்ல. பாட்டிலுக்கு நீ காசும் கேக்கல. என்னமோ இருக்கு, இவ அங்கன போய்ப் படுத்து மனசு ஆறட்டும்னுதான் கூட்டிட்டு வந்தேன். செவ்வாக்கெழமையில இருந்து என் முந்தானையையும் இவ முந்தானையையும் முடிச்சுப் போட்டுத்தான் படுக்கேன். இன்னைக்குத் தண்ணிக்கு எந்திரிச்சது என் தப்பு." குரல் முதல் தடவையாகத் தாழ்ந்தது. "எங்கிட்ட நேராச் சொல்லியிருந்தா, எம் மவனையாவது வீட்ல நிறுத்தியிருப்பேன். நான் ஒருத்தியாக் கெடந்து முழிச்சேன்."

பெஞ்சிலிருந்து பானுமதி கையை நீட்டினாள். முருகம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

லூசியம்மாள் பழக்கதோஷத்தில் ஆணியில் தொங்கிய பாட்டிலின் குழாயை எடுத்தாள், பிளாஸ்திரியைக் கிழித்தாள்.

"அது வேண்டாம்" என்றாள் முருகம்மாள். "சும்மா படுக்கட்டும். எவளாவது எட்டிப் பாத்துக் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

டாக்டர் வந்துவிட்டார். பானுமதி பக்கத்தில் உட்கார்ந்து பேசினார், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். சாயங்காலமே கூட்டிப் போய்க் காட்ட வேண்டும், சில நாள் அங்கேயே வைத்துப் பார்க்கலாம், பிள்ளை அவளோடேயே இருக்கும், யாரும் பிடுங்க மாட்டார்கள் என்று பானுமதியிடம் இரண்டு தடவை சொன்னார். முருகம்மாளிடமும் இந்தியிலேயே நேராகச் சொன்னார். முருகம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பேச்சிராஜா டாக்ஸி பிடிக்கப் போனான்.

நான் என் பக்கம் வந்து நின்றேன். இனி அவர்கள் பேசட்டும் என்று எஃப்.எம். பெட்டியைத் திருகப் போனேன்.

"அண்ணாச்சி, அதப் போடாதிய" என்று தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முருகம்மாள் குரல் வந்தது. "நீங்களுங் கேளுங்க. இந்தா, டாக்ஸி பிடிக்கப் போயிருக்கானே, இவன் பொறந்தப்போ எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. ரெண்டு மாசத்துல பதினாறு பாட்டில். இதே பெஞ்சு. எல்லாம் ஊசியோட. வித்தது நீங்க, குத்தினது இவ. என்னட்டி ஒனக்குன்னு ஒரு வார்த்த, ஒருத்தரும் கேக்கல."

ஸ்டூல் இழுபடுவது கேட்டது. பிறகு லூசியம்மாள், "இப்பக் கேக்கேன் யக்கா, சொல்லுங்க" என்றாள். நான் பெட்டியைப் போடவில்லை.